தினம் ஒரு கோலம் அளவுக்கு: கற்பனை வளர அன்றாடப் பழக்கங்கள், ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மாவிடம் ஒரு கோல நோட்டு இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்பில் பாதி எழுதிவிட்டுப் போட்ட கட்டம் போட்ட கணக்கு நோட்டு அது. முன்பக்கம் என் வகுத்தல் கணக்குகள். பின்பக்கத்திலிருந்து அம்மாவின் கோலங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலில் "15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை", "7 புள்ளி, நேர்ப்புள்ளி, 1 வரை" என்று எழுதியிருக்கும். சிலவற்றுக்குக் கீழே எங்கே பார்த்தது என்றும் இருக்கும்: "தேரடித் தெரு, மூணாவது வீடு." ஒரு பக்கத்தில் "பஸ்ஸிலிருந்து பார்த்தது, பாதிதான் தெரிந்தது" என்று இருக்கிறது. தெரியாத மறுபாதியை அம்மாவே முடித்திருக்கிறாள்.

கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது என் தொழில். தை, ஆவணி முகூர்த்த மாதங்களில் ஒரே நாளில் ஏழெட்டு கார்டு முடிக்க வேண்டியிருக்கும். அந்த வேகத்தில் கை தன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிடும். மேலே பிள்ளையார், இரண்டு பக்கமும் வாழைமரம், கீழே குத்துவிளக்கு. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் புரூஃபை, அதாவது அச்சுக்கு முந்தைய மாதிரித் தாளை, கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "தம்பி, எங்க மூத்த பொண்ணுக்குப் போட்டதும் இதேதானே? பேர மட்டும் மாத்திருக்கீங்க" என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் நான் அதைப் புதிதாகச் செய்ததாகத்தான் உண்மையாகவே நினைத்திருந்தேன். அதுதான் என்னை உலுக்கியது.

அன்று ராத்திரி அம்மாவின் நோட்டை எடுத்துப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு கோலம். அம்மா ஓவியம் படித்தவள் இல்லை. 'இன்று என்ன புதுமை செய்யலாம்' என்று உட்கார்ந்து யோசித்தவளும் இல்லை. காலையில் வாசல் தெளித்து, பால்காரர் வருவதற்குள் போட்டு முடித்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள். அந்தக் கால் மணி நேரத்தில் கற்பனை வளரத் தேவையான எல்லாமே இருக்கிறது என்று எனக்குப் பிடிபட்டது அப்போதுதான். குறித்த நேரம், சின்ன இடம், புள்ளி என்கிற கட்டுப்பாடு, பார்த்ததைக் குறித்து வைக்க ஒரு நோட்டு, நாளைக்கு எப்படியும் அழியப் போகிறது என்கிற நிம்மதி.

இந்த வழிகாட்டியின் படிகள் அந்த வாசலிலிருந்து எடுத்தவை. கதை எழுதுகிறவர், படம் வரைகிறவர், வகுப்பெடுக்கிற ஆசிரியர், தினமும் டிபன் பாக்ஸ் கட்டுகிறவர், சின்னக் கடை நடத்துகிறவர் என்று யாருக்கும் பொருந்தும். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம். முதல் இரண்டு படிகளை இரண்டு வாரம் செய்யுங்கள், அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: கால் மணி நேரத்தை ஒரே இடத்தில் கட்டிப் போடுங்கள்

"நேரம் கிடைக்கும்போது செய்யலாம்" என்று வைத்தால் நேரம் கிடைக்காது. ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையின் வாலில் இந்தக் கால் மணியைக் கட்டிவிடுங்கள். காபி குடித்து முடித்ததும், பிள்ளைகளைப் பள்ளி வேன் ஏற்றியதும், கடை திறந்து விளக்கேற்றியதும், இப்படி. அம்மாவுக்கு அது வாசல் தெளித்ததும். தண்ணீர் தெளித்த ஈரத் தரையைப் பார்த்துவிட்டு கோலம் போடாமல் அவளால் உள்ளே வர முடியாது.

வேலை பார்த்துக்கொண்டே இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் சி.வி. ராமனைச் சொல்வேன். 1907-இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக வேலையில் சேர்ந்தார். கணக்குத் தணிக்கை உத்தியோகம். அலுவலகம் போவதற்கு முன் காலையிலும், அலுவலகம் முடிந்த மாலையிலும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்துக்குப் போய்விடுவார். இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றலாகிப் போனாலும், கல்கத்தா திரும்பியதும் அதே ஆய்வகம், அதே வேளை. 1917-இல் பேராசிரியர் பதவிக்கு வரும்வரை பத்து வருடம் இப்படித்தான் போனது. அவருக்குப் பேர் வாங்கித் தந்த ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பு 1928-இல் வந்தது. அதற்கு முந்தைய வருடங்களில் வீணை, வயலின், மிருதங்கம் இவற்றின் ஒலியைக்கூட அவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

அந்தக் கால் மணியில் என்ன செய்தாலும் சரி, ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கையில் ஒன்று உருவாக வேண்டும். நாலு வரி, ஒரு கிறுக்கல், ஒரு மெட்டின் முதல் வரி, ஒரு புது விளம்பர வாசகம், எதுவாகவும் இருக்கலாம். படிப்பதும் பார்ப்பதும் இந்தக் கணக்கில் சேராது.

படி 2: நோட்டு

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். மண்டை காய்ந்துவிட்டது என்று நாம் புலம்புகிற நாட்களில் பெரும்பாலும் சட்டியில் எதுவும் போட்டிருக்க மாட்டோம்.

ஒரே ஒரு நோட்டு போதும். சட்டைப் பையிலோ கைப்பையிலோ அடங்க வேண்டும். விலை உயர்ந்ததாக இருக்கக் கூடாது, அழகான நோட்டில் கிறுக்கக் கை வராது. போனில் குறித்து வைப்பவர்கள் உண்டு, அதுவும் சரிதான். ஆனால் குறிப்பெழுதப் போனைத் திறந்தால் நாலு செய்தி வந்து நிற்கும். அவற்றுக்குப் பதில் எழுதி முடிக்கும்போது குறிக்க வந்தது மறந்திருக்கும். அதனால் நான் காகிதத்தோடு நிற்கிறேன்.

எதை எழுதுவது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'இன்று நல்ல யோசனை' என்று தேட வேண்டாம். கண்ணில் பட்டதை, காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். கருத்து சொல்லாதீர்கள். போன மாதத்து நோட்டிலிருந்து என் குறிப்புகள் சில:

"பூக்காரம்மா முழம் அளக்கும்போது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளக்கிறார். குழந்தைக்கு என்றால் நுனியைத் தாண்டி ரெண்டு கண்ணி விடுகிறார்."

"மழையில் நனைந்த சுவரொட்டி. மேல் காகிதம் கிழிந்து, அடியில் இருந்த பழைய படத்தின் ஒரு கண் மட்டும் தெரிகிறது."

"இஸ்திரி வண்டியில் துணி மடிக்கும் ஓசைக்கு ஒரு தாளம் இருக்கிறது. தட்டு, தட்டு, இழு."

இதில் இரண்டாவது குறிப்பு மூன்று வாரம் சும்மா கிடந்தது. அப்புறம் ஒரு பத்திரிகையில், மேலட்டையில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, உள்தாளில் இருக்கும் படத்தின் ஒரு துண்டு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன். யோசித்து வந்தது இல்லை அது. சட்டியிலிருந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி அந்த வாரக் குறிப்புகளைத் திரும்பப் படியுங்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு குறிப்புகளுக்கு நடுவே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பூக்காரம்மாவின் அந்த இரண்டு கண்ணிக்கும் இஸ்திரித் தாளத்துக்கும் என்ன உறவு? ஒன்றும் தோன்றாமல் போகலாம். பத்துக்கு ஒன்று தோன்றினால் போதும்.

படுக்கைக்குப் பக்கத்திலும் பேனாவும் தாளும் இருக்கட்டும். ஆட்டோ லோவி என்ற மருத்துவ விஞ்ஞானி ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் இருந்தவர். 1920-களின் தொடக்கத்தில், ஈஸ்டருக்கு முந்தைய இரவு, தூக்கத்தில் அவருக்கு ஒரு பரிசோதனை தோன்றியது. எழுந்து ஒரு துண்டுத் தாளில் கிறுக்கிவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் பார்த்தால் தன் கையெழுத்தே தனக்குப் புரியவில்லை. பகல் முழுக்கத் தவித்திருக்கிறார். அடுத்த இரவு மூன்று மணிக்கு அதே யோசனை திரும்பி வந்தது. இந்த முறை நேரே ஆய்வகத்துக்கே போய்விட்டார். இரண்டு தவளை இதயங்களை வைத்து, நரம்பு ரசாயனப் பொருள் வழியாகத்தான் சேதி அனுப்புகிறது என்று காட்டினார். 1936-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. எல்லோருக்கும் இரண்டாவது இரவு வாய்க்காது. விளக்கைப் போட்டு, தெளிவாக, முழு வாக்கியமாக எழுதிவிட்டுப் படுங்கள்.

படி 3: புள்ளி வையுங்கள்

என் பார்வையில் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

"உன் இஷ்டத்துக்கு எது வேண்டுமானாலும் வரை" என்று ஒருவரிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்தால் அவர் வரைவது பெரும்பாலும் மலை, நடுவே சூரியன், ஒரு குடிசை, தென்னை மரம். சுதந்திரம் முழுசாகக் கிடைக்கும்போது மனசு பழகிய தடத்திலேயே போகிறது. தரையில் புள்ளி வைத்துவிட்டால் அந்தத் தடம் தடைபடும், வேறு வழி தேடியே ஆக வேண்டும்.

ஒரு சின்னச் சிக்குக் கோலத்தை, அதாவது புள்ளிகளைச் சுற்றி இழை வளைந்து ஓடுகிற கோலத்தை, எடுத்துக்கொள்வோம். நேர்ப்புள்ளி, அதாவது ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று. நடுவரிசையில் 5, மேலும் கீழும் 3, அப்புறம் 1. மொத்தம் 13 புள்ளி. ஒரு கட்ட நோட்டை எடுத்து இப்போதே வைத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில், மேலும் கீழுமாக அடுத்தடுத்து இருக்கும் புள்ளிகளுக்கு நடுவே எத்தனை இடைவெளி என்று எண்ணுங்கள். குறுக்கே 8, நெடுக்கே 8, ஆக 16. சிக்குக் கோலத்தின் இழை ஒவ்வொரு இடைவெளியிலும் இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும். ஒன்று, குறுக்கே வெட்டிக்கொண்டு அடுத்த புள்ளிப் பக்கம் தாண்டும். இல்லையென்றால் வெட்டாமல் வளைந்து தன் புள்ளிப் பக்கமே திரும்பிவிடும். பதினாறு இடம், ஒவ்வொன்றிலும் இரண்டே முடிவு. கணக்குப் போட்டால் 65,536 கோலம் வருகிறது. ஒரு முறத்தளவு இடத்தில், வெறும் 13 புள்ளியில்! நாளைக்கு ஒன்று என்று போட்டால் 179 வருடம் ஆகும்.

இப்போது கட்டுப்பாட்டை இன்னும் இறுக்குவோம். கோலத்தைக் கால் சுற்று திருப்பினாலும் அதே மாதிரி தெரிய வேண்டும், அதாவது நாலு பக்கமும் ஒத்துப்போக வேண்டும் என்று வைத்தால், அந்தப் பதினாறு இடைவெளிகளும் நாலு நாலாகச் சேர்ந்துகொள்ளும். முடிவெடுக்க வேண்டியது நாலே இடம். மொத்தம் 16 கோலம்தான். இது கைக்கு அடங்குகிற எண்ணிக்கை. நான் பதினாறு நாள் காலையில் பதினாறையும் வரைந்து பார்த்தேன். எங்குமே வெட்டாமல் விட்டால் பதின்மூன்று தனித்தனி வட்டமாகச் சிதறும். ஓர் இடத்தில் மாற்றினால் நடுவில் பூ மாதிரி திரளும். இன்னோர் இடத்தில் மாற்றினால் ஓரத்தில் காது முளைக்கும். ஒரே ஒரு முடிவை மாற்றுவது மொத்த உருவத்தையும் எப்படிப் புரட்டிப் போடுகிறது என்பதை என் கை அந்தப் பதினாறு நாளில் கற்றுக்கொண்டது. என் கார்டு வேலைக்கு நான் எடுத்த பயிற்சிகளில் இதுதான் சிறந்தது.

கோலத்தின் இந்த விதி ஒழுங்கைக் கணினி ஆட்களும் கவனித்திருக்கிறார்கள். 1970-களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களை ஒரு மொழியின் இலக்கணம் போல எழுதிக்காட்ட முடியும் என்று ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள். வாசலில் குனிந்து நிற்கும் பெண்கள் அந்த இலக்கணத்தை ஏட்டில் எழுதாமலே கையில் வைத்திருந்தார்கள்.

உங்கள் துறைக்குப் புள்ளி என்பது என்ன? நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

எழுதுகிறவர் என்றால்: ஐம்பது சொல்லுக்குள் ஒரு சம்பவம், அதில் 'நான்' என்ற சொல் வரக் கூடாது. அல்லது அந்தாதி முறை, ஒரு பத்தி முடிகிற சொல்லில் அடுத்த பத்தி தொடங்க வேண்டும். குறள் வெண்பாவுக்கு ஏழே சீர்தான் இடம். அந்த நெருக்கடியில்தான் சொல் கூராகிறது.

சமைக்கிறவர் என்றால்: இன்று கடைக்குப் போகாமல், வீட்டில் இருப்பதை வைத்து மட்டும். பீர்க்கங்காய்த் தோல் துவையலைக் கண்டுபிடித்தவர், தோலைத் தூக்கிப் போட மனசு வராத ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

படம் எடுக்கிறவர் என்றால்: ஒரு வாரம் முழுக்க உங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து மட்டும், ஒரு நாளைக்கு மூன்றே படம்.

நான் எனக்கு வைத்துக்கொண்டது: மாதத்தில் ஒரு கார்டாவது பிள்ளையார், வாழைமரம், குத்துவிளக்கு மூன்றும் இல்லாமல், இரண்டே வண்ணத்தில். பிள்ளையார் இல்லாத பத்திரிகையை எல்லா வீட்டிலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், அது எனக்கும் தெரியும். வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு இல்லை, பயிற்சிக்குத்தான்.

ஒரே விதியை ஒரு வாரத்துக்காவது மாற்றாதீர்கள். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும். மூன்றாம் நாள்தான் விதிக்குள் இருக்கும் சந்து பொந்து தெரிய ஆரம்பிக்கும்.

படி 4: எண்ணிக்கை வைத்து யோசியுங்கள்

ஒரு செங்கல்லை வைத்து என்னவெல்லாம் செய்யலாம், வரிசையாகச் சொல் என்று கேட்பது உளவியலாளர்களின் பழைய சோதனை. அமெரிக்காவின் ஜே.பி. கில்ஃபோர்டு என்பவர் 1950-களிலும் 60-களிலும் வளர்த்தெடுத்த முறை. நாம் செங்கல்லை விட்டுவிட்டுக் கொட்டாங்கச்சியை எடுப்போம். இருபது பயன் எழுத வேண்டும், கடிகாரத்தில் பத்து நிமிடம். என் பட்டியல் இப்படிப் போனது.

அடுப்பெரிக்க. அகப்பை செய்ய. சிரட்டைப் புட்டு அவிக்க. கரியாக்கி இஸ்திரிப் பெட்டியில் போட. ரப்பர் மரத்தில் பால் பிடிக்க. பிள்ளைகள் மண் இட்லி சுட. செடி நாற்று வளர்க்க. குருவிக்குத் தண்ணீர் வைக்க. திருவிழாவில் விற்கிற கொட்டாங்கச்சி வயலின்.

ஒன்பதோடு கை நின்றுவிட்டது. இந்த ஒன்பதும் நான் எங்கோ பார்த்தவை, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இரண்டு நிமிடம் ஒன்றுமே வரவில்லை. அப்புறம் மெதுவாக வந்தன. இரவு விளக்குக்குத் தொப்பி, துளை போட்டால் சுவரில் நட்சத்திரம். மேசை மேல் பேனா சாயாமல் நிற்கத் தாங்கி. அரை வட்டம் வரைய அச்சு. கதவு இடிக்காமல் இருக்கத் தடுப்பு. இரண்டைக் கயிற்றில் கட்டிப் பொய்க்கால் நடை. முக்கண்ணை மேலே வைத்து முகமூடிப் பொம்மை. பதினாறாவதாக வந்தது, உள்ளங்கை அளவுக் கிண்ணத்தில் தாம்பூலம் வைத்து, அதன் மூடியாகவே பத்திரிகை. பட்டியல் இருபதுக்குப் போய்ச் சேர்ந்தது, ஆனால் எனக்கு வேண்டியது பதினாறாவதுதான்.

எந்த வேலையிலும் இதைச் செய்யலாம். கடைக்குப் பெயர் வேண்டுமா, இருபது எழுதுங்கள். கட்டுரைக்குத் தலைப்பு வேண்டுமா, இருபது. எழுதும்போது நல்லது கெட்டது பார்க்காதீர்கள், எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். கை நிற்கிற இடத்தில் எழுந்து போய்விடாமல் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருப்பதுதான் இந்தப் படியின் உயிர்.

குழுவாக யோசிப்பதானால், முதலில் ஒவ்வொருவரும் தனியாக எழுதிவிட்டு அப்புறம் கூடுங்கள். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் வெளிவந்த ஓர் ஆய்வில், நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து யோசித்ததைவிட, நாலு பேர் தனித்தனியே யோசித்துச் சேர்த்தபோதுதான் யோசனைகள் அதிகம் வந்தன. ஒருவர் பேசும்போது மற்ற மூவரும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பெரியவர் முன்னால் சொல்லத் தயக்கம் வேறு. நம் அலுவலகக் கூட்டங்களை நினைத்துப் பார்த்தால் காரணம் சட்டென்று புரியும்.

படி 5: நடங்கள்

2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேரிலி ஒபெசோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் என்ற இருவர், உட்கார்ந்திருக்கும்போதும் நடக்கும்போதும் மக்களுக்கு எத்தனை யோசனை வருகிறது என்று பார்த்தார்கள். நடக்கும்போது சராசரியாக 60 சதவீதம் கூடுதல். வெளியே மரம் மட்டை பார்த்து நடப்பதால்தான் இப்படியோ என்று, வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடக்க வைத்தும் பார்த்தார்கள். அப்போதும் கூடியது. ஒரு விஷயத்தையும் அவர்கள் சொன்னார்கள்: ஒரே ஒரு சரியான விடையைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு நடை உதவவில்லை. ஆகவே யோசனைகளைப் பெருக்க நடங்கள், அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வந்து உட்காருங்கள்.

இருபது நிமிடம் போதும், காதில் எதையும் மாட்டாமல். கிளம்பும் முன் ஒரே ஒரு கேள்வியைச் சத்தமாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தெரு முனை தாண்டியதும் மனசு வேறெங்கோ போய்விடும், போகட்டும்.

நடக்கும்போது காலில் ஒட்டுவதையும் கவனியுங்கள். காட்டுப் பாதையில் நடந்தால் நாயுருவி வேட்டியில் ஒட்டிக்கொள்ளும், திட்டிக்கொண்டே பிய்த்துப் போடுவோம். 1941-இல் சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்ற பொறியாளர் நாயோடு நடந்துவிட்டு வந்தபோது, உடையிலும் நாயின் முடியிலும் அதே மாதிரி ஒட்டுக்காய் ஒட்டியிருந்தது. அவர் ஒன்றைப் பிய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நுனியில் குட்டிக் குட்டிக் கொக்கிகள். இன்று பிள்ளைகளின் ஷூவிலும் பையிலும் 'சர்ர்' என்று பிய்கிறதே வெல்க்ரோ, அது அங்கிருந்து வந்தது. ஒட்டியதற்கும் கடைக்கு வந்ததற்கும் நடுவே பல வருட உழைப்பு இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

படி 6: ஊற விடுங்கள்

தோசை மாவை ஆட்டிய கையோடு ஊற்றினால் தோசை புளிப்பில்லாமல் தட்டையாகத்தான் வரும். யோசனையும் அப்படித்தான். முதலில் முட்டி மோதி வேலை செய்ய வேண்டும், அப்புறம் மூடி வைக்க வேண்டும். ஆட்டாத மாவு ஊறாது என்பதையும் மறக்க வேண்டாம். பிரிட்டனைச் சேர்ந்த கிரகாம் வாலஸ் என்ற சமூக உளவியலாளர் 1926-லேயே இதை நாலு கட்டமாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்: தயாரிப்பு, ஊறல், வெளிச்சம், சரிபார்ப்பு.

நான் செய்வது இது. கஷ்டமான வேலையை மாலையில் அரை மணி நேரம் ஆரம்பித்து, முடிக்காமல் பாதியில் நிறுத்திவிடுவேன். பாத்திரம் தேய்ப்பது, துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது மாதிரியான கை வேலை ஒன்றைச் செய்வேன். மறுநாள் காலையில் அதே இடத்திலிருந்து தொடர்வேன்.

மத்தியானக் குட்டித் தூக்கத்துக்கும் இங்கே இடம் உண்டு. தாமஸ் எடிசன் கையில் ஓர் உலோக உருண்டையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் கண்ணசருவாராம். தூக்கம் கூடும்போது உருண்டை கீழே விழும், சத்தத்தில் விழித்துக்கொள்வார். 2021-இல் பாரிஸ் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கணக்குக்குள் மறைந்திருந்த குறுக்குவழியை, விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம் பேர்தான் கண்டுபிடித்தார்கள். தூக்கத்தின் முதல் வாசலில் 15 வினாடியாவது இருந்துவிட்டு வந்தவர்களில் 83 சதவீதம் பேர் கண்டுபிடித்தார்கள். ஆழமாகத் தூங்கிப் போனவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு ஸ்பூனும், கீழே ஒரு எவர்சில்வர் தட்டும் இருந்தால் வீட்டிலேயே முயன்று பார்க்கலாம். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

படி 7: பார்த்துப் போடுங்கள், ஒன்றை மாற்றுங்கள்

அடுத்த வீட்டுக் கோலத்தைப் பார்த்துப் போடுவது நம் தெருக்களில் திருட்டு இல்லை. பிடித்த ஒன்றை அப்படியே ஒருமுறை செய்து பாருங்கள், எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது கைக்குத் தெரியவரும். இரண்டாம் முறை ஒரே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றாம் முறை பார்க்காமல், நினைவிலிருந்து செய்யுங்கள். நினைவு விட்ட இடங்களை நீங்களாகவே நிரப்பியிருப்பீர்கள், அம்மா அந்த பஸ் கோலத்தை நிரப்பியது மாதிரி. பார்த்துச் செய்ததைத் தன்னுடையது என்று வெளியே காட்டக் கூடாது, அவ்வளவுதான் விதி. அம்மா "தேரடித் தெரு, மூணாவது வீடு" என்று எழுதி வைத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

படி 8: அழிக்கத் தயங்காதீர்கள்

காலையில் போட்ட கோலத்தின் மேல் எட்டு மணிக்கு சைக்கிள் ஏறும். அரிசி மாவாக இருந்தால் எறும்பு வந்து தூக்கிப் போகும். மறுநாள் விளக்குமாறு. அம்மா ஒருநாளும் அதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. நன்றாக வராத கோலமும் அதே விளக்குமாறில் போய்விடுகிறது என்பதால்தான் புதுசு புதுசாக முயல அவளுக்குத் துணிச்சல் இருந்தது.

ராமானுஜன் காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார். வறுமையால் வந்த பழக்கம் அது, அதைக் கொண்டாடச் சொல்ல மாட்டேன். ஆனால் சிலேட்டும் பலப்பமும் போல மலிவான சாமான் ஒன்று பக்கத்தில் இருப்பது கையின் பயத்தைக் குறைக்கிறது. நான் புரூஃப் தாளின் பின்பக்கத்தைப் பயன்படுத்துகிறேன். காலண்டரில் கிழித்த தேதித் தாளும் நல்லதுதான்.

உருவாக்குகிற நேரத்தையும் எடை போடுகிற நேரத்தையும் ஒன்றாக்க வேண்டாம். காலையில் செய்ததைக் காலையிலேயே திருத்தாதீர்கள். ஒரு வாரம் கழித்து மொத்தமாக எடுத்துப் பாருங்கள். ஏழில் ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள்.

விட்டுப் போகிற நாட்கள்

விட்டுப் போகும். காய்ச்சல் வரும், விருந்தாளி வருவார்கள், முகூர்த்த சீசன் வரும். தெருவில் ஒரு சாவு விழுந்தால் அன்று கோலமே போட மாட்டார்கள். மறுநாள் 'நேற்று விட்டதற்குச் சேர்த்து இரண்டு' என்று யாரும் போடுவதில்லை, வழக்கம் போல ஒன்றுதான். நீங்களும் விட்ட நாளுக்கு வட்டி கட்ட வேண்டாம். ரொம்ப நெருக்கடியான நாட்களில் ஒரு நிமிடம், ஒரு வரி போதும். அவசரமான காலைகளில் அம்மா நாலு இழை இழுத்து ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவாள்.

மார்கழியில் நேர்மாறாக நடக்கும். தெருவை அடைத்துக் கோலம், நடுவே சாண உருண்டையில் பரங்கிப்பூ. உங்களுக்கும் வருடத்தில் ஒரு மார்கழி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம், தினமும் கால் மணிக்குப் பதில் ஒரு மணி நேரம், ஒரே ஒரு பெரிய வேலை. பதினோரு மாதம் சின்னக் கோலம் போட்ட கைக்கு அந்த மாதம் பெரிய கோலம் பயமாக இருக்காது.

முதல் மாதம் முடிந்ததும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. முதல் நாள் செய்ததையும் முப்பதாம் நாள் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது அழகு என்று பார்க்க வேண்டாம். முப்பதாம் நாளில், முதல் நாள் உங்களுக்குத் தோன்றியே இருக்காத ஒரு வளைவு, ஒரு சொல், ஒரு சேர்க்கை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதைப் பென்சிலில் வட்டமிட்டு, ஓரத்தில் எங்கிருந்து வந்தது என்று குறித்து வையுங்கள். அடுத்த மாதத்தின் முதல் புள்ளியை அங்கே வைக்கலாம்.